குணமானவர் தேவை

சட்டசபையில் ஒரு சட்டம் நிறைவேறுவதற்கும் சங்கரன்கோவிலில் ஒரு மனிதனுக்குத் தூக்கம் கெடுவதற்கும் தொடர்பு உண்டு என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதனால்தான் சட்டங்கள் நிம்மதியாக நிறைவேறுகின்றன.

இந்தச் சட்டம் நல்ல சட்டம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது உடம்புக்கு நல்லது. அரசுப் பள்ளிகளுக்கும் ஊர்மக்களின் மனநலத்துக்கும் ஒரே நிதியிலிருந்து பணம் ஒதுக்குகிற சட்டம். பள்ளியில் ஒரு மனநல மையம் திறக்க வேண்டும். திறந்தால் கழிப்பறைக்கு முதல் தவணை வரும். ஒரு வருஷம் ஒழுங்காக நடத்திக் காட்டினால் கூரைக்கு இரண்டாம் தவணை. மையத்தின் பொறுப்பாளர் மனநோயிலிருந்து முழுமையாகக் குணமடைந்த ஒருவராக இருக்க வேண்டும். அந்தப் பள்ளியின் தற்காலிகப் பணியாளர்களில் அப்படி ஒருவர் இருந்தால் அவரையே காலமுறைச் சம்பளத்தில் அமர்த்திக்கொள்ளலாம். நோயைக் கடந்து வந்தவர்தான் நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார் என்பது கருத்து. கருத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது. எதிர்த்தவர் யாருமில்லை. படித்தவரும் யாருமில்லை என்று சொன்னால் வம்பு வரும்.

ஆக, சங்கரன்கோவிலை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அவசரமாக ஒரு குணமானவர் தேவைப்பட்டார்.

பிரபுதாஸ் அந்தப் பள்ளியின் பகுதிநேர ஓவிய ஆசிரியர். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை என்பது உத்தரவு. சுவருக்கு அரைநாள் முழுநாள் தெரியாது என்பதால் மற்ற நாட்களிலும் வந்து எதையாவது வரைந்துகொண்டிருப்பார். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்கு அம்புக்குறி போடுவார். டெங்கு வந்தால் கொசு. கல்வி அதிகாரி வந்தால் நல்வரவு. மே மாதம் மட்டும் சம்பளம் கிடையாது. பகுதிநேர ஆசிரியர்களுக்கு மே மாதத்தில் பசிக்காது என்பது அரசாங்கத்தின் நெடுநாள் நம்பிக்கை.

அவருக்குச் சொந்த ஊர் பனவடலிசத்திரம். அப்பா சபை உபதேசியார், ஊர் ஊராகச் சைக்கிளில் போய் ஜெபம் நடத்தியவர். அந்த வீட்டில் தட்டை உடைத்தால் மன்னிப்பு உண்டு, பரீட்சையில் தோற்றால் மன்னிப்பு உண்டு. பொய் சொன்னால் மட்டும் மன்னிப்பு தாமதமாக வரும். அப்படி வளர்ந்த பையன் சங்கரன்கோவிலுக்கு வந்து கடைப்பலகை எழுதிப் பிழைக்க ஆரம்பித்தது வேடிக்கைதான். 'அசல் நெய்யில் செய்தது' என்று எழுதச் சொன்னால், எழுதுவதற்கு முன்னால் சமையல்கட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவார். சிலர் அவருக்குப் பலகை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இருபத்தைந்து வயதில் நோய் வந்தது. ஊரிலிருக்கிற கடைப் பெயர்கள் எல்லாம் பொய், அவற்றைத் திருத்தும் பொறுப்பு தன்னிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று தோன்றிவிட்டது. ஏணியும் சுண்ணாம்பு வாளியுமாகக் கிளம்பினார். கடைவீதியில் வரிசையாக எட்டுப் பத்துப் பலகைகளை வெள்ளையடித்து முடித்த பிறகுதான் ஆட்கள் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டினார்கள். அந்தப் பலகைகளில் ஹபீப் முகம்மதுவின் மருந்துக்கடையும் ஒன்று. பிறகு பிரபுதாஸ் தேறி வந்து, ஒவ்வொரு கடையாக ஏறி மன்னிப்புக் கேட்டு, கூலி வாங்காமல் பெயர்களைத் திரும்ப எழுதிக் கொடுத்தபோது ஹபீப் முகம்மது டீ வரவழைத்தார்.

"என் கடைப் பேரை அழிச்ச ஒரே ஆளு நீருதான் வே. வருமானவரிக்காரன்கூட அதைச் செய்யல" என்றார். சிநேகிதம் அங்கே தொடங்கியது.

தேற்றியது மாத்திரை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் மனநல முகாம் நடக்கும். டாக்டர் பெனிட்டா பாளையங்கோட்டையிலிருந்து வருவார். ஒரு மஞ்சள் மாத்திரை, பாதி வெள்ளை மாத்திரை. இரவு சாப்பிட்டு முடித்ததும் மனைவி எப்சிபா எடுத்துக் கொடுப்பாள். அவர் பேசிக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொள்வார். எப்சிபா ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், எதையும் ஒருமுறை சரிபார்க்காமல் விடமாட்டாள். இருபது வருஷத்துக்குமேல் இப்படியே நன்றாகப் போயிற்று. நன்றாகப் போன வருஷங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவை நன்றாகப் போயின.

கெடுத்தது கறிக்குழம்பு.

சபைக் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகையில் அசனம் நடக்கும். யார் எவர் என்று பாராமல் ஊரையே வரிசையாக உட்காரவைத்துச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் போடுகிற விருந்து. பந்திக்கு முன்னால், அந்த வருஷம் கடவுளிடம் நன்மை பெற்றவர்கள் மைக்கில் சாட்சி சொல்வார்கள். கடன் தீர்ந்தவர், பிள்ளை பெற்றவர், பாஸ்போர்ட் கிடைத்தவர். சட்டம் வருவதற்குச் சற்று முன்னால் நடந்த அசனத்துக்குப் பிரபுதாஸும் பெயர் கொடுத்திருந்தார். ஒரு வாரமாக வீட்டில் சொல்லிப் பார்த்து, எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சேர்த்துவைத்திருந்தார்: நோய், சுண்ணாம்பு வாளி, டாக்டர், மாத்திரை, எப்சிபா, கர்த்தர்.

அவர் முறை வந்தபோது போதகர் பக்கத்தில் வந்து குனிந்தார். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வது.

"தம்பி, ரெண்டே வார்த்தையில முடிச்சிருங்க. சோறு வெந்துட்டு. கறி குழைஞ்சிரும்."

மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு எதை விடுவது என்று யோசித்தார். கர்த்தரை விட முடியாது. எப்சிபாவை விட்டால் வீட்டுக்குப் போக முடியாது. டாக்டரையும் மாத்திரையையும் விட்டார்.

"எனக்கு மனசு பேதலிச்சிருந்துச்சு. கர்த்தர் என்னைப் பூரணமாக் குணமாக்கினார். என் மனைவி கூட நின்னா. ஸ்தோத்திரம்."

குழாய் ஒலிபெருக்கி வழியாக அது கடைவீதி வரை கேட்டது. சபை ஸ்தோத்திரம் சொன்னது. இலை போட்டார்கள்.

இரண்டாம் பந்திக்குக் காத்திருந்தவர்களில் தலைமையாசிரியர் தங்கசாமியும் ஒருவர். அவர் கோயில்காரர் இல்லை. ஆனால் அசனத்தைத் தவறவிடாதவர். அன்றைக்குக் கேட்டதை அவர் மறக்கவில்லை. சட்டம் பள்ளிக்கு வந்து சேர்ந்த அன்று ஆள் அனுப்பினார்.

"பிரபுதாஸ் சார், இங்கன உக்காரும். உமக்கு முன்னால மனசு சரியில்லாம இருந்துச்சுல்லா?"

பிரபுதாஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மறைக்காதேயும் வே. நீரே மைக்ல சொன்னதுதான்."

"அது பழைய கதை, சார்."

"பழைய கதைதான் வேணும். புதுக் கதைன்னா உம்மை வேலையைவிட்டுல்லா அனுப்பணும்." சட்டத்தை விளக்கினார். காலமுறைச் சம்பளம் என்றார். மே மாதமும் உண்டு என்றார். கடைசியில் ஓர் உறுதிமொழித் தாளை நீட்டினார். 'மருந்தின் துணையின்றி முழுமையாகக் குணமடைந்தவன்' என்று அச்சடித்திருந்தது.

"சார், நான் மாத்திரை சாப்பிடுதேன்."

"எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம்" என்றார் தங்கசாமி.

"இப்பவும் சாப்பிடுதேன் சார்."

"இந்தா பாரும். மாத்திரை சாப்பிட்டா நீரு நோயாளி. நோயாளின்னா மையம் கிடையாது. உமக்கு நோயே வரலைன்னாலும் மையம் கிடையாது. வந்து போயிருக்கணும். சபைக்கு முன்னால பூரணமாக் குணமாயிட்டுன்னு நீரு சொன்னீரா, இல்லையா? அங்கன சொன்னதைத்தானே இங்கன எழுதச் சொல்லுதேன்." பிறகு குரலைத் தணித்தார். "எட்டாங்கிளாஸ் பிள்ளையள் காலையில இருந்து சொட்டுத் தண்ணி குடிக்காம இருக்குதுவ. எதுக்குன்னு தெரியுமா?"

தெரியும். கடைசி பீரியடு ஓவியம். பெண் பிள்ளைகள் முழங்காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பள்ளியில் பெண்களுக்கென்று இருந்த கழிப்பறையின் கதவு போய், பிறகு தண்ணீர் போய், பிறகு அதற்குள் புதர் வந்திருந்தது. போன மாதம் ஒருத்தி மயங்கி விழுந்தாள்.

தங்கசாமி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் பிரபுதாஸ் தப்பித்திருப்பார். கையெழுத்துப் போட்டார்.

அன்றிரவு எப்சிபா மாத்திரையை நீட்டியபோது அவர் கையை நீட்டவில்லை.

"வேண்டாம்."

"வயிறு சரியில்லையா?"

"மருந்தில்லாம குணமானவன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். இனி இதைப் போட்டா அது பொய்க் கையெழுத்தால்லா ஆயிரும்."

"ஏங்க, போட்டதே பொய்தான. நாளைக்குப் போய் அதை அழிச்சிட்டு வாங்க."

"அழிச்சா பிள்ளையளுக்குக் கக்கூஸ் வராது."

ஊரில் எல்லாரும் உண்மை மாறினால் அதற்குத் தகுந்தபடி பொய்யை மாற்றிக்கொள்வார்கள். பிரபுதாஸ் சொன்ன பொய்க்குத் தகுந்தபடி உண்மையை மாற்றப் புறப்பட்டார். உபதேசியார் மகனுக்கு வேறு வழி தெரியவில்லை.

எப்சிபா ஐயரிடம் போனாள். ஐயர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். மாத்திரை சாப்பிடுவது பாவமே இல்லை என்றார்.

"அப்போ ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் அதைச் சொல்லிருங்க ஐயரே. அவுக சாட்சியில மாத்திரை விட்டுப் போச்சுன்னு சொல்லுங்க. அப்பத்தான் கேப்பாக."

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்ன சாட்சியைத் திருத்தினா சபையாரோட விசுவாசத்துக்கு இடறலாயிரும்மா. தனியா வரச் சொல்லு, ஜெபம் பண்ணுவோம்."

ஹபீப் முகம்மது கடையை விட்டு இறங்கியே வந்து பிடித்தார்.

"வே வாத்தியாரே, மாத்திரையை நிறுத்திட்டீராமே."

"யாரு சொன்னா?"

"உம்ம வீட்டம்மா சொன்னா. சொல்லலைன்னாலும் தெரியும். கண்ணு இப்பமே லைட்டு மாதிரி இருக்கு." பக்கத்தில் நெருங்கினார். "நான் சக்கரைக்குப் போடுதேன். பிரஷருக்குப் போடுதேன். எங்க ஜமாஅத்துல ஒருத்தனும் எனக்கு ஈமான் கொறைஞ்சு போச்சுன்னு சொல்லல."

"நீங்க எங்கயும் சக்கரை இல்லைன்னு கையெழுத்துப் போடலைல்லா, பாய்."

ஹபீப் முகம்மது திரும்பிப் போய்க் கடையில் ஏறிக்கொண்டார். நாற்பது வருஷக் கடையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொன்னவர்.

முதல் சில வாரங்கள் பிரபுதாஸ் மிக நன்றாக இருந்தார். இந்த நோயின் பெரிய மோசடி அதுதான். உடம்பில் ஒரு லேசான தன்மை வந்தது. நிறங்கள் எல்லாம் கழுவிவைத்த மாதிரி தெரிந்தன. தூக்கம் குறைந்ததை அவர் ஒரு வரவாகத்தான் எடுத்துக்கொண்டார். காலியாகக் கிடந்த வகுப்பறையைத் தானே வெள்ளையடித்து, உள்சுவர் முழுக்கக் கடலும் படகுமாக வரைந்து, கதவுக்கு மேலே 'மனநல மையம்' என்று எழுதினார். அந்த எழுத்தைப் பார்க்கக் குருவிகுளத்திலிருந்தெல்லாம் ஆசிரியர்கள் வந்தார்கள். திறப்புவிழாவுக்கு வந்த அதிகாரி, "இவரோட சுறுசுறுப்பைப் பாருங்க, இதுதான் இந்தச் சட்டத்தோட வெற்றி" என்றார். பிரபுதாஸ் மேடையில் முக்கால் மணி நேரம் பேசினார். இந்தமுறை யாரும் சுருக்கச் சொல்லவில்லை. கீழே பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த எப்சிபா மட்டும் கைதட்டவில்லை. அந்தப் பேச்சின் வேகம் அவளுக்குத் தெரியும். சுண்ணாம்பு வாளியோடு திரிந்த காலத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஆனால் மாமியார் சாகிற வரை அதைப் பற்றித்தான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கழிப்பறை வந்தது. கதவு வந்தது, தண்ணீர் வந்தது. பெண் பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்கள். இதை மறைத்துவிட்டுக் கதை சொன்னால் பாவம் சேரும்.

மையம் திறந்ததால் பஸ் ஸ்டாண்டு முகாமை மூடினார்கள். இனி மனநலம் எல்லாம் பள்ளியிலேயே கிடைக்கும், எதற்கு இரண்டு இடம் என்று கேட்டது சட்டம். செவ்வாய்க்கிழமை அங்கே வந்து நின்றவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். டாக்டர் தேவைக்கேற்ப மையத்துக்கு வருவார். தேவை இருக்கிறதா என்று பொறுப்பாளர் மாதாமாதம் தெரிவிக்க வேண்டும். பொறுப்பாளர் பிரபுதாஸ், யாருக்கும் எந்தத் தேவையும் இல்லை, எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று தெரிவித்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

எப்சிபா ஒருநாள் காலையில் மஞ்சள் மாத்திரையைப் பொடித்துத் தேங்காய்ச் சட்னியில் கலந்தாள். அவர் ஒரு விள்ளல் தோசையைத் தொட்டு வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல என்ன போட்ட?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்குப் புரளவில்லை. அதே மாதிரி வீட்டில் வளர்ந்தவள்தான் அவளும். "மாத்திரை" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். அதன்பிறகு வீட்டில் அவர் சாப்பிடவே இல்லை. மையத்தில் சத்துணவுச் சோறு.

பிள்ளைகள் மையத்துக்கு வந்தார்கள். அவரிடம் பேசினார்கள். பேசவைக்கத் தெரிந்தவர் அவர். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். எட்டாம் வகுப்பு பெர்லின் ஒரு மத்தியானம் முழுக்க அழுதுகொண்டே அப்பாவின் பெல்ட்டைப் பற்றிச் சொன்னாள். யாரிடமும் சொல்லாதீங்க சார் என்றாள். அவர் தலையாட்டினார்.

தலையாட்டியது அவரை அரித்தது. தெரிந்த உண்மையை மூடிவைப்பது பொய் இல்லாமல் வேறென்ன? மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போனவர்கள் பள்ளியின் ரோட்டோரச் சுவர் முன்னால் கூடி நின்றார்கள். ஆள் உயரத்துக்கு வரைந்திருந்த படத்தில் ஒருவன் பெல்ட்டை ஓங்கியிருந்தான். சுருண்டு கிடந்த சிறுமியின் தலைக்கு மேல் பெயரும் வகுப்பும், அவருடைய அழகான எழுத்தில். பெர்லினின் அப்பாவும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறவர். நின்று படித்தார். பிறகு வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

பெர்லின் அதற்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. மற்ற பிள்ளைகள் மையத்துக்கு வரவில்லை.

தங்கசாமி அவசர அவசரமாகச் சுவரை வெள்ளையடிக்கச் செய்தார். எப்சிபா கடையிலிருந்து பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தபோது அவர் வாசலிலேயே மறித்தார்.

"தெரியும்மா. எனக்கும் தெரியும். கண்ணு இருக்குல்லா எனக்கு."

"அப்போ டாக்டருக்கு எழுதுங்க சார். ஆபீசுக்குச் சொல்லுங்க."

"என்னன்னு எழுத? பொறுப்பாளருக்கே முடியலைன்னா? எழுதின அன்னைக்கே மையத்தை மூடிருவான். ஆறாங்கிளாஸ்ல ஓடு சரிஞ்சு நிக்கி, நீயே பாத்திருப்ப. யாரு தலையில எப்போ விழும்னு பயந்துகிட்டு இருக்கேன்." கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். "ரெண்டாந்தவணை வந்துரட்டும். ரெண்டே மாசம். அதுவரைக்கும் ஆளை எப்படியாவது பாத்துக்கோ, தாயி."

அவள் பாளையங்கோட்டைக்குப் போன் போட்டாள். டாக்டர் பெனிட்டா எல்லாவற்றையும் கேட்டார். "இங்க கூட்டிட்டு வந்துருங்கம்மா. இன்னைக்கே. நான் டூட்டியிலதான் இருக்கேன். வர மாட்டேன்னு சொல்லுவார். எப்படியாவது கூட்டிட்டு வாங்க" என்றார். ஹபீப் முகம்மது ஒரு காரை எடுத்துக்கொண்டு வந்து பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

எப்சிபா மையத்துக்குள் போனாள். கடல் படத்துக்கு முன்னால் மேஜை போட்டு பிரபுதாஸ் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. விரல் நுனியெல்லாம் நீலப் பெயிண்ட். எதிரே நாற்காலி காலியாக இருந்தது.

"உக்காருங்கம்மா" என்றார்.

"ஏங்க, நான்தான்."

"தெரியுது. வீட்டுல நீ எப்சிபா. இங்கன வந்தா வந்தவங்க. எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். உக்காருங்க."

உட்கார்ந்தாள். என்னென்ன சொல்லி அவரைக் கிளப்புவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அவர் மேஜைமேல் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"நல்லாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு?"

அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஐயர் கேட்கவில்லை, தலைமையாசிரியர் கேட்கவில்லை. அவளுக்கு வாய் திறந்துவிட்டது. தூங்கவில்லை என்றாள். அவர் புரண்டு படுத்தாலும் எழுந்து உட்கார்ந்துகொள்வதைச் சொன்னாள். கடையில் பில்லைத் தப்பாகப் போட்டு ஏச்சு வாங்கியதைச் சொன்னாள். வீட்டிலிருந்த கத்தியை, மண்ணெண்ணெயை, கயிற்றைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்திருப்பதைச் சொன்னாள். அவர் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார். குறுக்கே பேசவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு நேரம் பேசி யாரும் கேட்டதில்லை. அந்தச் சட்டம் எதிர்பார்த்த பொறுப்பாளர் இவர்தான். அச்சு அசலாக இவரேதான்.

கேட்டு முடித்துவிட்டு, "நீங்க டாக்டரைப் பாக்கணும்மா" என்றார். "மாத்திரை தருவாங்க. வாங்கிப் போடுங்க. கொஞ்சம் நல்லாருக்கேன்னு நடுவுல நிறுத்திராதீங்க, அதுதான் தப்பு. இதுல வெட்கப்பட என்ன இருக்கு? என்னையவே எடுத்துக்கோங்க..."

நிறுத்திக்கொண்டார். என்ன சொல்ல வந்தோம் என்று தேடுகிறவர் மாதிரி மேஜையைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் பழைய பிரபுதாஸின் முகமாக இருந்தது. பிறகு அது போய்விட்டது.

எப்சிபா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, டாக்டர்ட்ட போறேன். எனக்காகத்தான். தனியாப் போகப் பயமாருக்கு. நீங்க துணைக்கு வாரியளா?"

"எங்க?"

"பாளையங்கோட்டைக்கு. எனக்குக் காட்டிட்டு உடனே வந்துருவோம்."

அவர் அவள் கண்ணைப் பார்த்தார். அன்றைக்குச் சட்னியைத் தொட்டு வாயில் வைத்துவிட்டுப் பார்த்த மாதிரியே பார்த்தார். அவள் கண்ணை விலக்கவில்லை.

"வாரேன். முடியாதவங்களுக்குத் துணைக்குப் போறது என் வேலைதான" என்று எழுந்தார்.

பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் என்று ஊர்கள் பின்னால் போயின. பிரபுதாஸ் முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் நல்லவர், ஊசியெல்லாம் போட மாட்டார் என்றார். ஹபீப் முகம்மது ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். வழக்கமாக வண்டியில் ஏறினால் வாய் மூடாதவர். எப்சிபா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரியாஸ்பத்திரியில் சீட்டுப் பதிகிற இடத்தில் கூட்டம் அதிகமில்லை. கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

"பேஷண்ட் யாரு?"

"இவங்கதான்" என்றார் பிரபுதாஸ். "நான் கூட வந்தவன்."

"பேரு?"

எப்சிபா கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பிரபுதாஸ்" என்றாள். "பல மாசமா மாத்திரையை நிறுத்திட்டாக. டாக்டர் பெனிட்டா வரச் சொல்லியிருக்காங்க."

அவர் மெல்லத் திரும்பினார். கத்தவில்லை.

"ஏமாத்தியா கூட்டிட்டு வந்த?"

"ஆமா."

"அன்னைக்குச் சட்னியில போட்டுட்டு, கேட்டவுடனே உள்ளதைச் சொன்னியே."

"சொன்னதுனாலதான் இன்னைக்கு இங்கன நிக்கோம்."

இரண்டு வார்டு ஆட்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள். தொடவில்லை, சும்மா நின்றார்கள். பிரபுதாஸ் அவர்களையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். அவருக்குள் ஏதோ கணக்கு வேகமாக ஓடியது முகத்தில் தெரிந்தது.

"நான் இங்கன படுத்தா மையத்தை மூடிருவாங்க, எப்சிபா. ஆறாங்கிளாஸுக்குக் கூரை வராது."

"வராட்டிப் போகட்டும்."

"யாரு தலையிலயாவது விழுந்தா?"

கவுண்டரில் இருந்தவர் வயசு கேட்டார், ஊர் கேட்டார். அவள் சொன்னாள்.

"கூட இருக்கிறது யாரு?"

"நான்தான்" என்றாள்.

பிரபுதாஸ் அவளிடமிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.